அம்மாவின் ‘வை’, அப்பாவின் ‘வை’

துப்பாக்கி சுடுவதற்கு எங்கள் வீட்டில் இரண்டு சொற்கள் இருந்தன. அப்பா ‘சுடு’ என்பார். அம்மா ‘வை’ என்பாள். இந்த இரண்டுக்கும் நடுவில் என் அம்மாவின் வலது கண் மாட்டிக்கொண்டது. சொந்தக்காரர்கள் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சொல்லி என்னைப் பொல்லாதவளாக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கீழே, வயலும் தென்னையும் உள்ள ஊர்க்காரர். அம்மா மேற்கே அருமனையில் பிறந்தவள். அங்கே பேச்சில் மலையாளம் தாராளமாகப் புழங்கும். துப்பாக்கி சுடுவதை அவர்கள் ‘வெடி வைப்பது’ என்பார்கள். பன்றிக்கு வெடி வைத்தான், மரநாய்க்கு வெடி வைத்தான் என்பார்கள். சுருக்கிச் சொன்னால் வெறும் ‘வை’. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழிந்தும் அம்மா அந்தப் பேச்சை விடவில்லை. அப்பா அதைக் கேலி செய்வதையும் விடவில்லை. அவள் வாயைத் திறந்தால் போதும், நீ பேசுவது தமிழா மலையாளமா, துபாசி வைக்கட்டுமா என்று ஆரம்பித்துவிடுவார். அம்மாவும் சும்மா இருக்க மாட்டாள்.

“சுடுகது தோசையாக்கும். துப்பாக்கிய வைக்கணும்” என்பாள்.

அப்பாவுக்குத் துப்பாக்கி வந்த வழி விசித்திரமானது. அவர் அருமனைக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்த துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது, வண்டியில் ஏற்ற இடமில்லாத சாமான்களைத் தெரிந்தவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒருவருக்கு நாற்காலி, ஒருவருக்குக் கூண்டோடு கிளி. அப்பாவுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கியும் ஒரு டப்பா ஈயக் குண்டும். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றைத் தாண்டிய வருஷங்கள் அவை. எங்கள் ஊரில் அப்படியொரு பொருளை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. குழலை நடுவில் மடக்கி, குண்டை வைத்து, திரும்ப நிமிர்த்தினால் தயார். மருந்தும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் தகரத்தைத் துளைக்கும்.

அன்று சாயங்காலமே அப்பா ஊர் முன்னால் ஒரு தேங்காயைக் குறிபார்த்துச் சுட்டார். மாட்டுத் தொழுத்தின் ஓடு உடைந்தது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்ததை அவர் பார்த்துவிட்டார். மறுநாள் அவர் வயலுக்குப் போன நேரத்தில் அம்மா அதே துப்பாக்கியை எடுத்து, கமுகம்பாளை ஒன்றில் கரியால் ஒரு பொட்டு வரைந்து, அதைக் கொல்லையில் கட்டித் தொங்கவிட்டு, பொட்டின் ஓரத்தில் துளைபோட்டாள். அவளுக்கு அருமனையில் அண்ணன்கள் கூட்டமாக இருந்தார்கள். அவர்களோடு திரிந்து கற்றுக்கொண்டது. அதைப் பார்த்த நிமிஷம் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. எனக்கும் வேண்டும். சோறு வேண்டாம், பாவாடை வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம். எனக்கு அந்தப் பொட்டில் துளை போட வேண்டும்.

எனக்கு வயது பத்து. பிடிவாதத்தில் வயது இன்னும் அதிகம்.

அப்பாவுக்குத் துப்பாக்கி பெருமைதான். ஆனால் உள்ளுக்குள் பயம். கம்பக்கட்டு வாணவேடிக்கையில் ஒருவன் விரல்கள் போனதைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். பெண்பிள்ளைக்கு இது என்னத்துக்கு என்று ஊர் கேட்டதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நடுங்கினார். நான் அழுது புரண்டு, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் அவர் இறங்கிவந்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பெரியவர்கள் சொன்னால் சொன்ன நொடியில் கேட்க வேண்டும். ஏன், எதற்கு என்று திருப்பிக் கேட்கக் கூடாது. ஒரே ஒரு தடவை கேட்கவில்லை என்றாலும் துப்பாக்கி கிணற்றுக்குள் போகும். நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

சொல்லிக்கொடுத்தது அம்மா. முதல் வாரம் குண்டே கொடுக்கவில்லை. வெறும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள். குழல் எப்போதும் கொல்லையின் மண்சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். கோழி, காக்கை, ஓணான், உயிருள்ள எதன் பக்கமும் திரும்பக் கூடாது. திரும்பினால் முதுகில் ஒன்று விழும், விழுந்தது. அப்புறம் கட்டையைத் தோளில் அழுத்தி, கன்னத்தை அதில் சாய்த்து, இடது கண்ணை மூடி, குழல் முனையின் சின்ன முளையைக் கரிப்பொட்டுக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். மூச்சைப் பாதி விட்டுவிட்டு நிறுத்த வேண்டும். என் கை சின்னது, கட்டை நீளமானது. தோளில் நீலம் பாய்ந்து கிடந்தது. ஒரு நாள்கூட வலிக்கிறது என்று நான் சொல்லவில்லை, சொன்னால் நிறுத்திவிடுவார்கள்.

அம்மாவின் சட்டமும் ஒன்றே ஒன்றுதான். “வைன்னு கேட்ட பெறவு ஆலோசிக்கப்பிடாது. ஆலோசிச்சா கை ஆடும்” என்பாள். அவள் ‘வை’ சொல்லும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். சொன்னால் உடனே இழுக்க வேண்டும். அது நல்ல பாடம் இல்லை என்று இன்று எனக்குத் தெரியும். சுடுகிறவள் தானே பார்த்து, தானே தீர்மானித்து இழுக்க வேண்டும். அதை அன்று யார் அவளுக்குச் சொல்ல? அவள் அண்ணன்கள் அவளுக்குக் கொடுத்ததை அவள் எனக்குக் கொடுத்தாள். ஆக, ஒரு பக்கம் அப்பா, சொன்ன நொடியில் கேள் என்றார். இன்னொரு பக்கம் அம்மா, சொன்ன நொடியில் இழு என்றாள். நான் இரண்டு பேருக்கும் நல்ல பிள்ளையாக இருந்தேன்.

ஆனி பிறந்ததும் கணவாய்க் காற்று கிளம்பியது. எங்கள் ஊரில் அந்தக் காற்றுக்கு முன்னால் பேசுவது வீண் வேலை. பக்கத்தில் நிற்பவர் சொல்வது பாதிதான் காதில் விழும். மீதியைக் காற்று கொண்டுபோய்விடும். யார் குரல், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுகூடத் தெரியாது. தென்னை ஓலை இரைச்சல் வேறு. அந்தக் காற்றில் பாளை ஒரு நிமிஷம் நிலையாக நிற்காது. அதனால் அம்மா ஒரு ஏற்பாடு செய்தாள். கொல்லைக் கோடியில் இடிந்துபோன பழைய தொழுத்தின் மண்சுவர் ஒன்று நின்றது. பாளையை அந்தச் சுவருக்கு முன்னால் தொங்கவிட்டு, அவள் சுவர் முடியும் இடத்தில் மறைந்து நின்றுகொள்வாள். பாளை ஆட்டம் நிற்கும்போது அங்கிருந்து உரக்க ‘வை’ என்பாள். நான் இழுப்பேன். எங்கே பட்டது என்று அவளே பார்த்துச் சொல்வாள். அவள் சொல்லாமல் நான் சுட மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் அவள் அங்கே நின்றாள்.

அன்று பொழுது சாய ஆரம்பித்திருந்தது. முதல் இரண்டு குண்டும் பொட்டுக்கு ஒட்டினாற்போல் விழுந்திருந்தன. அடுத்தது பொட்டுக்குள்தான் என்று எனக்கு உடம்பெல்லாம் தெரிந்தது. துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, இடது கண்ணை மூடி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். ஒரு கண்ணால் குறி பார்க்கிறவளுக்கு உலகம் மிகவும் சின்னது. முளை, பொட்டு, அவ்வளவுதான். பாளை காற்றில் திரும்பிக்கொண்டது. பொட்டு மறைந்தது, வந்தது, மறுபடி மறைந்தது. நான் காத்திருந்தேன். பொட்டு வந்து நின்றது.

“வை!”

இழுத்தேன்.

துப்பாக்கியின் ‘டப்’ சத்தத்துக்கு அப்புறம், எங்கே பட்டது என்று அம்மா சொல்ல வேண்டும். சொல்லவில்லை. கண்ணைத் திறந்தேன். அம்மா பாளைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் பாளையைப் பிடித்திருந்தாள். மற்றக் கையால் முகத்தைப் பொத்தியிருந்தாள். விரலிடுக்கில் சிவப்பாக வந்தது. பாளை அடங்கவில்லை என்று அதை நேராக்க அவள் சுவருக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி, அப்படியே தலையையும் நீட்டியிருக்கிறாள். நான் பொட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

என் பின்னாலிருந்து அப்பா ஓடிவந்தார். வயலிலிருந்து வந்தவர் கொல்லை வாசலில் நுழையும்போதே அம்மா கை நீட்டுவதைப் பார்த்துவிட்டார். கத்தியதும் அவர்தான். அவர் என்னைத் தாண்டி ஓடும்போது, என் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அழவும் இல்லை.

வலது கண்ணுக்குக் கீழே, கன்ன எலும்பின் விளிம்பில் குண்டு ஏறியிருந்தது. கண் ஒரு நிமிஷத்தில் வீங்கி மூடிக்கொண்டது. உள்ளே என்ன ஆயிற்று என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அப்பா வில்வண்டியைப் பிடித்தார். நாகர்கோவில் போய், அங்கிருந்து தக்கலை பஸ் பிடித்து, மேற்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஏற்பாடு. என்னை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவதாக இருந்தார். அம்மாதான், பிள்ளை வரட்டும் என்றாள்.

வண்டியில் அம்மா ஈரத்துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். வண்டிக்காரர் என்ன ஏது என்று கேட்டார். அப்பா எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், கீழே வைக்கச் சொல்லிக் கத்தினேன், இது கேட்கவில்லை, சுட்டுவிட்டது என்றார். என்னைப் பிள்ளை என்றுகூடச் சொல்லவில்லை. இது என்றார்.

எனக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. பயத்தால் இல்லை, கோபத்தால். அம்மாவின் கண் போனால் அந்தப் பாவம் என் தலையில். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொன்னதைக் கேட்கவில்லை என்று பழி சொன்னால்? எனக்கு உடம்பு பற்றி எரிந்தது.

“நீங்கதான வைக்கச் சொன்னிய” என்றேன்.

“வைக்கத்தான் சொன்னேன். நீ வச்சியா?”

“வச்சேன்.”

“எங்கட்டி வச்சே? நீ சுட்டே.”

“வச்சேன். நீங்க வைன்னு சொன்னிய, நான் வச்சேன்.”

அப்பா கையை ஓங்கிவிட்டார். அப்போது அம்மா, துணிக்குக் கீழேயிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். “அவ உங்க பேச்சக் கேட்டா. கீழங்கியது காத்துல போச்சு. வைங்கியது மட்டும் வந்துது. அது எனக்க வாயில உள்ள சொல்லாக்கும். நான் சொல்லுகதா நெனச்சு வெடி வச்சிட்டா. பிள்ளைய அடிச்சா நான் வண்டியில இருந்து எறங்கிருவேன்.”

ஓங்கிய கை கீழே இறங்கக் கொஞ்ச நேரமானது. அப்பா வண்டியின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார். வைக்கச் சொன்னேன், வைக்கச் சொன்னேன் என்று இரண்டு தடவை தனக்குள் முனகினார். நாகர்கோவிலில் பஸ் கிளம்பத் தாமதமானபோது டிரைவரிடம் சண்டைக்குப் போனார்.

டாக்டர் குண்டை எடுத்துவிட்டார். எலும்பு தாங்கிக்கொண்டது, இல்லையென்றால் கண்ணே போயிருக்கும் என்றார். ஆனால் அடி கண்ணுக்கும் இறங்கி, உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. இரண்டு கண்ணையும் கட்டி வைக்க வேண்டும். அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். இருமக் கூடாது, குனியக் கூடாது, சத்தமாகப் பேசவும் கூடாது. பார்வை இருக்கிறதா போயிற்றா என்பது கட்டை அவிழ்க்கும்போதுதான் தெரியும் என்றார். அதுவரை ஒன்றும் கேட்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டார்.

வாயாடி அம்மா அப்படிப் பேசாமல் கிடந்ததை நான் பார்த்ததே இல்லை. நான்தான் கஞ்சி புகட்டினேன். கரண்டி வாய்க்குப் போவதற்குள் மேலெல்லாம் சிந்தும். பக்கத்துக் கட்டில்காரிகள் என்னைப் பார்த்துக் கிசுகிசுப்பார்கள். தாயைச் சுட்ட பிள்ளை என்று எனக்குப் பேர் வந்துவிட்டது. பொம்பிளைப் பிள்ளை கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒரு கிழவி என் காதுபடவே சொன்னாள். ஆம்பிளைப் பிள்ளை சுட்டிருந்தால் குண்டு கண்ணைச் சுற்றிக்கொண்டா போயிருக்கும்? கேட்டிருப்பேன், அம்மா கிடந்த கிடப்பைப் பார்த்து அடங்கிக்கொண்டேன். அப்பா பகலெல்லாம் வராந்தாவில் நின்றார். கேட்கிறவர்களுக்கெல்லாம், கை தவறிவிட்டது என்றார். யார் கை என்று சொல்லவில்லை.

கட்டு அவிழ்க்கும் நாள் காலையில் அருமனையிலிருந்து பெரிய மாமா வந்தார். அம்மாவின் மூத்த அண்ணன். ஒற்றை ஆளாகப் பன்றிக்கு முன்னால் நிற்கிறவர். கோபம் வந்தால் அக்கம்பக்கம் பார்க்காதவர். தங்கைக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். ஆனால் அப்பாவுக்கும் அவருக்கும் ஆகாது. அப்பா எந்த விசேஷ வீட்டிலும் அவர் பேச்சைத் திருப்பிப் பேசிக் காட்டி நாலு பேரைச் சிரிக்கவைக்காமல் விட்டதில்லை. மாமா அதை மறக்கிற ஆளும் இல்லை.

அவர் நேரே அம்மாவின் கட்டிலுக்கு வந்தார். கண்கட்டோடு கிடந்த தங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பினார். நான் கட்டிலின் தலைமாட்டில், சுவரோடு ஒட்டிக்கொண்டேன். டாக்டரும் நர்சும் அப்போதுதான் உள்ளே வந்தார்கள். நர்ஸ் கத்தரிக்கோலும் வெந்நீரும் கொண்டுவந்தாள்.

“ஆரு வெடி வச்சது?” என்றார் மாமா.

மாமாவின் கண் சுற்றிவந்து என்மேல் நின்றது. அவருக்கு யாரோ சொல்லித்தான் இருக்கிறார்கள். நானாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அப்பா அவருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். அவர் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டு நழுவி விழுந்தது, எடுக்கவில்லை.

“நானாக்கும் வெடி வச்சது” என்றார்.

கேலி இல்லை. இழுவை இல்லை. அருமனையில் பிறந்தவர் சொல்வதுபோலவே சொன்னார். மாமா நம்பாமல் பார்த்தார். நான் வைன்னு சொன்னேன், பிள்ளை என் பேச்சைக் கேட்டது, அதனால் வைத்தது நான்தான், அடிப்பதென்றால் என்னை அடியுங்கள் என்று அப்பா மேலும் சொன்னார். மாமாவின் கை இறுகிக்கொண்டே இருந்தது. கட்டிலிலிருந்து அம்மா, அண்ணா, அவுக சொல்லுகது உள்ளதுதான் என்று மெதுவாகச் சொன்னாள். டாக்டர், சண்டை போடுவதென்றால் வெளியே போங்கள், இங்கே கண்ணைப் பார்க்க வேண்டும் என்று அதட்டினார். மாமா ஒதுங்கிச் சுவரில் சாய்ந்தார்.

நர்ஸ் சுற்றுச் சுற்றாகக் கட்டை அவிழ்த்தாள். பஞ்சை நனைத்து நனைத்து எடுத்தாள். டாக்டர் அம்மாவின் நல்ல கண்ணைத் தன் கையால் மூடிக்கொண்டு, மற்றதைத் திறக்கச் சொன்னார். இமை பிரியவே நேரம் பிடித்தது. உள்ளே வெள்ளை இருந்த இடமெல்லாம் சிவப்பு. என்ன தெரிகிறது என்று கேட்டார். வெளிச்சம் என்றாள் அம்மா. வேறு? கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இன்னொரு தடவை மூடித் திறக்கச் சொன்னார். மூடினாள், திறந்தாள். வேறு ஒன்றும் இல்லை என்றாள்.

டாக்டர் அப்பாவைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. பிள்ளைகளுக்கு அது புரியாது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்பா என் தோளைப் பிடித்து என்னை முன்னால் தள்ளினார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில், அம்மாவின் முகத்துக்கு நேராக நின்றேன். டாக்டரின் கை இன்னும் அவள் நல்ல கண்ணை மூடியபடியே இருந்தது. என்னால் தேம்பலை அடக்க முடியவில்லை. அம்மாவின் அந்தச் சிவந்த கண் என் பக்கம் திரும்பியது. இமை சுருங்கியது. விரிந்தது.

“ஏட்டி, உனக்க மூக்கு ஒழுகுது” என்றாள் அம்மா.

அப்பா தரையில் கிடந்த துவர்த்தை எடுத்து என் மூக்கைத் துடைத்துவிட்டு, அதே துவர்த்தால் தன் முகத்தை மூடிக்கொண்டார்.